தோளில் விளைந்த உப்பு

சிப்பிக்குடியில் முப்பத்தொன்பது பேருக்குச் சோதனை ஊசி போட்ட பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஞானப்பூவின் இடது தோளில், ஊசி இறங்கிய அதே இடத்தில், உப்பு விளைந்திருந்தது. உலை வைக்கக் குனிந்தபோது சட்டைத் துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஏதோ நறநறவென்று உரச, சட்டைக் கையை ஏற்றிவிட்டுப் பார்த்தால், ரூபாய் நாணய அகலத்துக்குக் கல்லுக் கல்லாக, வெயில் ஏறிய பாத்தியில் முதல் உப்பு பூக்குமே அதே வெள்ளையில், அதே பளபளப்பில் இருந்தது. முப்பது வருடமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவள் உப்பைக் கண்டு கூச்சல் போடுவாளா. ஒரு கல்லைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புத்தான் என்று உறுதி செய்துகொண்டாள், அரிசியைக் களைந்து உலையில் போட்டாள், அதன் பிறகுதான் வாசலுக்குப் போய், வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்த புருஷனிடம் காட்டினாள்.

"இங்க பாருங்க, எனக்கு உப்பு விளைஞ்சிருக்கு."

தொம்மை குச்சியைத் துப்பிவிட்டு அவள் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "பெரிய உப்பால்லா இருக்கு," என்றார். "தூசி தும்பு இல்லாம, நல்ல நயம்." பிறகு தன் சட்டையைக் கழற்றித் தன் தோளைப் பார்த்தார். அங்கே கறுத்த தோலும் வேர்வையும் தவிர ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது வந்துவிட்டதே என்று உடனே அவருக்கு வெட்கமாகிவிட்டது. "ஏ பிள்ள," என்றார் மெதுவாக, "அப்ப உனக்குப் போட்டது உப்புத் தண்ணி."

மூச்சைப் பிடிக்கிற காய்ச்சல் உலகமெல்லாம் சுற்றி அந்த ஊருக்கும் வந்து சேர்ந்த இரண்டாம் வருடம் அது. பட்டணத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிவேதிகா என்ற பெண் ஒரு வேனில் வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எல்லாரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, காய்ச்சலுக்கு ஒரு தடுப்பு மருந்து தயாராகியிருக்கிறது, அது கேட்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து ஏறும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஏறும், யாருக்கு எது என்று ஊசி போடுகிற சிஸ்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும், இரண்டு கூட்டத்திலும் யார் யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் மருந்து நல்லதா என்று சொல்ல முடியும் என்று, தாளைப் பார்க்காமல், இரண்டு மணி நேரம் விளக்கினாள்.

"ஏம்மா, உப்புத் தண்ணிய எங்க ஊருக்கேவா கொண்டாந்து குத்துதீய?" என்று கேட்டாள் பேராச்சி. ஞானப்பூ வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. "சொல்லிவிட்டிருந்தா நாங்களே ஆளுக்கு ஒரு குடம் கொண்டாந்திருப்போமே."

ஊரே சிரித்தது. நிவேதிகாவும் சிரித்தாள். ஆனாலும் முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். தை மாதத்தில் மட்டும் ஊரில் ஆறு பேர் போயிருந்தார்கள். ஏழாவது ஆள் தானாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் இருந்தது. தொம்மைக்கு மட்டும் இஷ்டமில்லை. அவர் நெஞ்சு பனிக்காலத்தில் விசிலடிக்கிற நெஞ்சு. அதை நினைத்து நினைத்து, மூன்று நாளாகச் சோறு பரிமாறும்போதெல்லாம் ஞானப்பூ புலம்பிய புலம்பலில்தான் அவர் கையெழுத்துப் போட்டார். ஊசி வரிசையில்கூட அவர் எங்கே நழுவிவிடுவாரோ என்று அவரைத் தனக்கு முன்னால் தள்ளி நிறுத்திவிட்டு, பின்னால் நின்று முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

ஊசி போட்டதும் ஆளுக்கொரு போனும் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அது கிணுகிணுக்கும். 'இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கும். காய்ச்சல், தலைவலி, வாந்தி, இருமல், வீக்கம், நலம், வேறு என்று ஏழு கட்டம் காட்டும். ஒன்றைத் தொட வேண்டும். ஆனால் உப்பில் தேய்ந்து வழுவழுப்பாகி வெடித்துக் காய்ந்த விரல்களை அந்தக் கண்ணாடி விரல் என்றே ஏற்றுக்கொள்ளவில்லை. எத்தனை தரம் அமுக்கினாலும் சும்மா இருந்தது. ஆகவே ஊர் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தது. சிலர் முழங்கையால் அமுக்கினார்கள், சிலர் விரல் முட்டியால் குட்டினார்கள், பேராச்சி மூக்கு நுனியால் தொட்டாள்.

"மதினி, அண்ணனுக்குக்கூட இப்படி ஒரு முத்தம் கெடச்சிருக்காது," என்று ஞானப்பூ கேலி செய்வாள்.

"அந்த மனுசன் என்னைக்காவது எப்படியிருக்கன்னு கேட்டிருக்காரா? இது தெனமும் கேக்குல்லா," என்பாள் பேராச்சி.

தொம்மைக்கு அந்தப் போனைக் கண்டாலே ஆகாது. மூஞ்சியைப் பார்க்காமல் நலமா என்று கேட்கிறவனுக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். இரண்டாம் வகுப்பைத் தாண்டாத அவருக்கு எழுத்தும் ஓடாது. ஆறாம் வகுப்பு வரை போன ஞானப்பூதான் தன் போனிலும் அவர் போனிலும் எழுத்துக் கூட்டி வாசித்து, இரண்டு பேருக்கும் முட்டியால் 'நலம்' குட்டிவிட்டு எழுந்திருப்பாள்.

உப்பு விளைந்த அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊசி போட்ட அத்தனை பேரும் சட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். பத்தொன்பது பேர் தோளில் உப்பு இருந்தது. இருபது பேர் தோள் சுத்தமாக இருந்தது. பாதிக்குப் பாதி. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் சிப்பிக்குடிக்கும் தெரிந்துவிட்டது என்று உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன் சொன்னார். அவர் தோளும் சுத்தமான தோள். கடல் தண்ணீர் கட்டாத பாத்தியில் உப்பு விளைந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தண்ணீரைக் கட்டினால், வெயில் பட்டால், பத்தாம் நாள் உப்பு விளையும், அவ்வளவுதான். ஆகவே உப்பு விளைந்த தோளில் ஏறியது உப்புத் தண்ணீர், விளையாத தோளில் ஏறியது மருந்து. வேறு ஊராக இருந்தால் வேறு விதமாகவும் யோசித்திருப்பார்கள். இங்கே பச்சைப் பிள்ளைக்குக்கூட இதில் சந்தேகம் வரவில்லை. அன்றிலிருந்து பத்தொன்பது பேருக்கு உப்புக்காரர் என்றும் இருபது பேருக்கு மருந்துக்காரர் என்றும் பேராகிவிட்டது.

தினமும் விளைகிற அந்த உப்பை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. மாதா கோயில் உபதேசியாரும் அம்மன் கோயில் பூசாரியும் முதல் தடவையாக ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: காலில் மிதிபடக் கூடாது, சோற்றிலும் போடக் கூடாது. ஆகவே உப்புக்காரர்கள் காலையில் எழுந்து, முகம் கழுவி, தோளைச் சுரண்டி, சிரட்டையில் சேர்த்து, ஓடையில் கரைத்துவிட்டு வந்து காப்பி குடிக்கப் பழகினார்கள். கைக்குழந்தைக்காரிகள் மட்டும், பிள்ளை தோளை நக்கிவிடுகிறது என்று, பழந்துணியால் கட்டிக்கொண்டார்கள்.

ஞானப்பூ ஒவ்வொரு சாயங்காலமும் 'வேறு' என்ற கட்டத்தைக் குட்டினாள். அது 'விவரிக்கவும்' என்று கேட்டது. 'கையில் உப்பு விளைகிறது' என்று முட்டியால் ஒவ்வோர் எழுத்தாகக் குட்டி முடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். 'நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது' என்று வரும். மறுநாளும் அதே கேள்வி, அதே ஏழு கட்டம், அதே நன்றி. பதினைந்து நாள் கழித்து நிவேதிகா நேரில் வந்தாள். தோளைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள், இரண்டு கல்லைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள், போனை எடுத்துப் படம் பிடித்தாள். படத்தில் ஞானப்பூவின் தோள் இருந்தது, அதன் மச்சம் இருந்தது, உப்பு மட்டும் இல்லை. நிழலில் பிடித்தாள், வெயிலில் பிடித்தாள், பத்தொன்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பிடித்தாள். ஒன்றிலும் உப்பு விழவில்லை. காகிதத்தில் மடித்தது வேன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஈரமாகி மறைந்துவிட்டது. "நான் கண்ணால பாத்தேங்க்கா," என்று மறுநாள் போனில் அழுவது போலச் சொன்னாள். "ஆனா மேல அனுப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல. தோல் வறட்சி, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுன்னு பதில் வந்திருக்கு."

பங்குனியில் காய்ச்சல் மறுபடி எழும்பியது. முதல் தடவை வந்தது இதற்கு ஒத்திகை என்று சொல்லும்படி எழும்பியது. அப்போதுதான் ஊர் தன் ஒழுங்கை வகுத்துக்கொண்டது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போவது போல அது தானாக நடந்தது. உப்புக்காரர்கள் பாவம், அவர்களுக்குக் காவல் இல்லை, அவர்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். மருந்துக்காரர்கள் வெளியே போகட்டும். மருந்துக்காரர்கள்தான் கடைக்குப் போனார்கள், மருந்துக்காரர்கள்தான் ரேஷன் வாங்கி எல்லார் வாசலிலும் வைத்தார்கள், மருந்துக்காரர்கள்தான் மூச்சு முட்டியவர்களை உப்பு லாரியில் படுக்கவைத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், படுக்கை இல்லை என்று சொன்ன இடங்களில் காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள், திரும்பி வராதவர்களுக்குக் குழி தோண்டினார்கள், சொந்தப் பிள்ளைகள் எட்டி நிற்க அவர்களே இறக்கி வைத்து மண் தள்ளினார்கள்.

அதில் முன்னால் நின்றது தொம்மை. ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் 'ஏலே தொம்மை' என்று கூப்பிடப்பட்ட மனுஷனை இப்போது வாசலில் நின்று 'அண்ணாச்சி, எங்க அம்மாவக் கொஞ்சம் தூக்கிவிடுங்க' என்று கும்பிட்டார்கள். முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து, நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போவார். அவர் வீடு திரும்பும்போது நடையே மாறியிருந்தது.

"முகத்துணியாவது போட்டுத் தொலைங்களேன்," என்பாள் ஞானப்பூ. கதவுக்கு உள்ளே அவள், வெளியே அவர். அவளுக்குத் தன்னால் ஏதும் ஒட்டிவிடக் கூடாது என்று அவர் மாட்டுக்கொட்டகையில்தான் படுத்தார்.

"எனக்கு மருந்து ஏறியிருக்குட்டி. நீ உன்னையப் பாத்துக்க. வாசப்படிய நீ தாண்டுன, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

சித்திரை பிறந்ததும் பேராச்சிக்குக் காய்ச்சல் வந்தது. பேராச்சி மருந்துக்காரி. ஊர் கொஞ்சம் திகைத்தது, பிறகு காரணம் கண்டுபிடித்தது: அவள் ஊசி போட்ட அன்றைக்கே தலைக்குக் குளித்தாளாம், மருந்து இறங்கிவிட்டதாம். அடுத்து இன்னொரு மருந்துக்காரருக்கு வந்தது. அவர் குடிகாரர், மருந்தைக் குடி முறித்திருக்கும். ஞானப்பூ யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்க வேலியைத் தாண்டிப் போய்ப் பேராச்சிக்குக் கஞ்சி ஊட்டினாள், நெஞ்சைத் தேய்த்துவிட்டாள், அவள் இருமிய துணியை அலசிப் போட்டாள். ஐந்து நாள், அருகிலேயே உட்கார்ந்து. ஆறாம் நாள் பேராச்சியை லாரியில் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் தொம்மையே அவளைக் குழியில் இறக்கினார். ஞானப்பூவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

பேராச்சியின் போன் மட்டும் அவள் வீட்டில் ஆறு மணிக்குக் கிணுகிணுத்தது. 'இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது?' பேராச்சியின் புருஷன் அதைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் வந்து நின்றார். "இதுக்கு என்னத்தம்மா சொல்ல? பதில் சொல்லாட்டி விடாமக் கத்துதே." ஏழு கட்டத்தில் செத்துப்போனவர்களுக்குக் கட்டம் இல்லை. ஞானப்பூ 'வேறு' என்று குட்டினாள். 'நன்றி' என்றது அது.

அன்றைக்குத்தான் அவள் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். எதையும் எண்ணி எண்ணிக் கவலைப்படுவது அவள் சுபாவம். அதற்காக ஊரில் அவளுக்குக் கேலிப் பேரே உண்டு. இருபது மருந்துக்காரரில் ஐந்து பேர் படுத்தாகிவிட்டது. பத்தொன்பது உப்புக்காரரில் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் கள்ளத்தனமாக வெளியே போன உப்புக்காரர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். அவளே ஒருத்தி. மறுநாள் காலையில் தோளில் சுரண்டிய உப்பை நாக்கில் வைத்து, முதல் நாள் கவனிக்காத ஒன்றைக் கவனித்தாள். பாத்தி உப்பு கடைசியில் நாக்கின் அடியில் கொஞ்சம் கசக்கும். இதில் கசப்பே இல்லை. இது கடல் தண்ணீரில் விளைந்த உப்பு இல்லை.

அப்படியென்றால், எல்லாம் தலைகீழ்: உப்பு விளைந்த தோளில்தான் மருந்து, சுத்தமான தோளில்தான் உப்புத் தண்ணீர். அப்படியென்றால், ஊசி வரிசையில் தொம்மையைத் தனக்கு முன்னால் தள்ளியபோது அவள் தள்ளியது எதற்குள்?

கொட்டகைக்கு ஓடினாள். "நீங்க இனி போக வேண்டாம். உங்களுக்கு மருந்து இல்ல. எனக்குத்தான் மருந்து."

தொம்மை சிரித்தார். "உப்பு ருசியப் பாத்து ஊசியச் சொல்லுதியா? பேராச்சி போனதுல இருந்து உனக்கு மனசு சரியில்ல. உள்ள போ."

கணக்கப்பிள்ளையிடம் போனாள். அவர் கணக்கு நோட்டை மூடிவைத்தார். "நீ சொல்லுதது நெசம்னே வச்சுக்க, ஞானப்பூ," என்றார். "நாளைக்கு யாருக்காவது மூச்சு முட்டுனா யார் தூக்குவா? எனக்கு மருந்து இருக்குன்னு நெனைக்கவன்தான் தூக்குவான். உனக்குத்தான் மருந்துன்னு மத்தப் பதினெட்டுப் பேர்கிட்டப் போய்ச் சொல்லு, எத்தன பேர் எந்திரிச்சு வாரான்னு பாப்போம். வெளிய சொல்லாத. ஊரு கொலஞ்சு போகும்."

அவள் மற்றப் பதினெட்டுப் பேர் வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். கதவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் உள்ளிருந்து, "உங்க வீட்டுக்காரர் சொகமா வீட்டுல இருக்கணும்னு எங்கள வெளிய அனுப்பப் பாக்கியாக்கா?" என்றாள்.

போனில் இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டாள். காய்ச்சலுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது, இருமலுக்கு இரண்டை அமுக்கச் சொன்னது, பாட்டுப் போட்டது, பாட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றை அமுக்கச் சொன்னது. நிவேதிகாவைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. "அக்கா, யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் இத இப்படிப் பண்ணி வச்சிருக்கு. நாடு பூரா கணக்கு முடிஞ்சாத்தான் மேல இருந்து திறப்பாங்க." என்றாள் நிவேதிகா. "நான் கேட்டுப் பாத்துட்டேங்க்கா. நெசமா கேட்டுப் பாத்துட்டேன். அதுவரைக்கும் எல்லாரும் எப்பவும் போல முகக்கவசம் போட்டுக்கிட்டு ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லச் சொன்னாங்க. ஊசி போட்ட அன்னைக்கும் அதத்தான் சொன்னேன், ஞாபகமிருக்கா?"

ஞானப்பூவுக்கு ஞாபகம் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் நிவேதிகா சொன்னது வாயால் சொன்ன சொல். தோள் சொன்னது கண்ணால் கண்ட உப்பு.

சித்திரை கடைசியில் தொம்மைக்கு உடம்பு சுட்டது. இரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் ஊர் பயந்துவிடும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே போனை எடுத்து, தினமும் ஞானப்பூ குட்டுகிற இடத்தைக் கண்ணால் பழகியிருந்தவர், முட்டியால் 'நலம்' குட்டியிருந்தார். மூன்றாம் நாள் கொட்டகையில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தவரை ஞானப்பூதான் பார்த்தாள். லாரியில் அவளை ஏறவிடவில்லை. அவரே விடவில்லை, கையை ஆட்டி ஆட்டித் தள்ளிப் போகச் சொன்னார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை மட்டும் அவர் இடுப்பில் செருகிவிட முடிந்தது அவளால்.

அதன் பிறகு அவளுக்குப் புருஷன் என்பது சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் போனில் வருகிற முகம். வார்டில் தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்ட சிஸ்டர் ஒருத்தி, அவர் போனை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். ஐந்து நிமிடம். பல்லி வால் மாதிரி ஒரு குழாய் தொங்குகிற முகமூடிக்குள் அவர் வாய் அசையும். எல்லா நாளும் சொல்வது ஒன்றுதான்.

"வெளிய போகாத பிள்ள. உனக்கு உப்புத் தண்ணி. வாசப்படியத் தாண்டாத."

"தாண்டலங்க. வீட்டுலதான் இருக்கேன்."

"கையக் காட்டு. உப்பு இருக்கா? ஒண்ணும் தெரியலியே."

"போனுக்கு அது தெரியாதுல்லா. மறந்துட்டீங்களா?"

"ஆமால்ல." கண்ணை மூடித் திறப்பார். "எனக்கு ஒண்ணும் ஆகாது. மருந்து இருக்கு உள்ள. சண்ட போட்டுக்கிட்டு இருக்கு. உன்னைய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அவள் மாட்டிக்கொண்டது அங்கேதான். எனக்குத்தான் மருந்து என்று சொன்னால் அவருக்கு அவளைப் பற்றிய பயம் போய்விடும். ஆனால் உள்ளே மருந்து சண்டை போடுகிறது என்று நம்பித்தான் அந்த மனுஷன் ஒவ்வொரு மூச்சையும் இழுத்துக்கொண்டிருக்கிறார், அந்த நம்பிக்கையும் அதோடு போய்விடும். சொல்லாவிட்டால் நம்பிக்கை இருக்கும், பயமும் இருக்கும். இருபத்திரண்டு நாள் அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வாயைத் திறந்து, தாண்டலங்க என்று சொல்லி மூடினாள்.

இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஊரில் இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. ஞானப்பூ எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'அன்புள்ள பங்கேற்பாளரே, ஆய்வு வெற்றிகரமாக நிறைவடைந்தது. தங்களுக்கு அளிக்கப்பட்டது: தடுப்பு மருந்து. தங்கள் பங்களிப்புக்கு நன்றி.'

தெருவுக்கு வந்தாள். சுத்தமான தோள்காரர்களில் மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் போனை அவளே வாங்கி வாசித்தாள். 'தங்களுக்கு அளிக்கப்பட்டது: உப்புநீர். தாங்கள் இப்போது அருகிலுள்ள மையத்தில் தடுப்பு மருந்தை இலவசமாகப் பெறலாம்.'

"நீ அன்னைக்கே சொன்ன," என்றார் அவர். அவள் நினைப்பு வேறு எங்கோ இருந்தது. தொம்மையின் போன் வார்டில் இருக்கிறது. அதற்கும் இதே சேதி போயிருக்கும். ஆனால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு வருகிற எதையும் வாசித்துச் சொல்கிறவள் அவள்தான், அவள் இங்கே இருக்கிறாள். அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பதினொன்றிலிருந்து நாலு வரைக்கும், சமைக்காமல், உட்காராமல், சுவரைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ரெண்டு பேருக்கும் மருந்துதானாம். ரெண்டு பேருக்கும் மருந்துதானாம். இதில் அவர் நம்பிக்கையும் இருக்கும், பயமும் போகும். குரல் ஆடக் கூடாது. கண் கீழே போகக் கூடாது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. முகம் வந்தது. நேற்றைவிடச் சின்னதாகியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"சாப்பிட்டியா பிள்ள?"

"சாப்பிட்டேங்க."

"நாளைக்கு அளத்துக்குப் போ. வீட்டுக்குள்ளயே கெடக்காத." மூச்சு. "இனி நீ எங்க வேணாலும் போலாம்."

இருபத்திரண்டு நாளாக வாசப்படியைத் தாண்டாதே என்ற மனுஷன். அவருக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், போனைப் பிடிக்கிற சிஸ்டராகத்தான் இருக்கும். தனக்கு எது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து அவளுக்கு எது என்று தெரிந்துகொண்டு, அதைச் சொல்வதற்காக நாலு மணி வரைக்கும் மூச்சைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஆனால் ஐந்து மணி நேரம் பழகிய வாயில் வேறு சொல் எதுவும் இல்லை.

"உங்களுக்கும் மருந்துதான்னு வந்திருக்குங்க," என்றாள். குரல் ஆடவில்லை. "ரெண்டு பேருக்கும் மருந்துதானாம்."

முகமூடிக்கு மேலே அவர் கண்கள் அவளை வெகு நேரம் பார்த்தன.

"ஆமா," என்றார் தொம்மை. "எனக்கும் அப்படித்தான் வாசிச்சுக் காட்டுனாவ."

அப்போது படம் ஆடியது. கூரை விசிறி வந்தது, குழல்விளக்கு வந்தது, மறுபடி அவர் முகம் வந்தது, அப்போதும் நிற்காமல் ஆடிக்கொண்டேயிருந்தது. அவர் இரண்டு கையும் போர்வை மேல் அசையாமல் கிடந்தன. ஆடியது, போனைப் பிடித்திருந்த சிஸ்டரின் கை.